சான்றிதழில் இருக்கும் பெயர்: பொது ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்றால் என்ன?

சென்னையில் பட்டம் வாங்கிய ஒருவரிடம் "எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டால் கல்லூரியின் பெயரைத்தான் சொல்வார். லயோலா, ராணி மேரி, பச்சையப்பன், மாநிலக் கல்லூரி. அஞ்சல் வழியில் படித்தவராக இருந்தால் "கரஸ்ல முடிச்சேன்" என்பார். ஆனால் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருக்கும் பட்டச் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் மேலே கொட்டை எழுத்தில் இருப்பது வேறு பெயர்: சென்னைப் பல்கலைக்கழகம். அந்தப் பெயரோடு பலருக்கும் இருந்த உறவு ஹால் டிக்கெட், மார்க் ஷீட், அரியர் என்ற அளவில் முடிந்துவிடுகிறது. தேர்வு வைத்தார்கள், எழுதினோம், தாள் கொடுத்தார்கள்.

அது அந்தப் பல்கலைக்கழகத்தின் பாதி வேலைதான். மறுபாதி என்னவென்று தெரியாமலேயே இந்த ஊரில் லட்சக்கணக்கானவர்கள் அதன் பட்டத்தை வைத்திருக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அந்த மறுபாதியைத்தான் 'பொது ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்' என்ற மூன்று சொற்கள் சொல்கின்றன.

முதலில் 'பொது'. தனியார் நிறுவனமோ அறக்கட்டளையோ இதற்குச் சொந்தக்காரர் இல்லை. சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டு உருவாக்கியது, அரசுப் பணத்தில் நடப்பது, மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது. பேச்சு வழக்கில் அரசுப் பல்கலைக்கழகம் என்கிறோம். அடுத்தது 'ஆராய்ச்சி'. ஏற்கெனவே தெரிந்ததை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுப்பது கல்லூரியின் வேலை. இதுவரை யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்து, தெரிந்தவற்றோடு சேர்ப்பது ஆராய்ச்சி. இந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ், ஊர்ப் பணத்தில் நடந்தால் அதுதான் பொது ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்.

சரி, நம் ஊரில் அது எப்படி வந்தது?

1839 நவம்பரில் சென்னை மக்கள் சுமார் 70,000 பேர் கையெழுத்துப் போட்டு, உயர்கல்விக்கு வழி செய்யச் சொல்லி ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் ஒரு மனு கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் எழுபதாயிரம் கையெழுத்து என்றால் எத்தனை தெருக்களில் எத்தனை நாள் அலைந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 'பொது' என்ற சொல்லின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அந்த மனுவின் பலனாக முதலில் ஒரு பள்ளி வந்தது. அதுவே வளர்ந்து மாநிலக் கல்லூரி ஆனது. 1857 செப்டம்பர் 5 அன்று பல்கலைக்கழகம் பிறந்தது. அதே ஆண்டில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஒவ்வொன்று தொடங்கின.

ஆனால் அன்று பிறந்தது ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் அல்ல. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்த ஏற்பாடு அது. பல்கலைக்கழகம் பாடம் நடத்தாது. பாடத்திட்டம் வகுக்கும், கேள்வித்தாள் தயாரிக்கும், தேர்வு வைக்கும், பட்டம் கொடுக்கும். பாடம் நடத்துவது கல்லூரிகளின் பொறுப்பு. கல்லூரிகள் பல்கலைக்கழகத்தோடு 'இணைவு' பெற்றிருக்கும். உங்கள் சான்றிதழில் கல்லூரியின் பெயருக்கு மேலே பல்கலைக்கழகத்தின் பெயர் ஏன் இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். முதன்முதலில் இங்கே பி.ஏ. தேறியவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி.வை. தாமோதரம் பிள்ளையும் கறோல் விசுவநாத பிள்ளையும். தாமோதரம் பிள்ளைதான் பிற்காலத்தில் கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர்.

கடற்கரைச் சாலையில் போகும்போது நாம் பார்க்கும் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் 1874-இல் தொடங்கி 1879-இல் முடிந்தது. கட்டிடக் கலைஞர் ராபர்ட் சிஷோம். அதே சாலையில் இருக்கும் மாநிலக் கல்லூரிக் கட்டிடமும் அவர் வரைந்ததுதான். இவ்வளவு பெரிய மண்டபம் வகுப்பறைக்காகக் கட்டியதல்ல என்பதைக் கவனியுங்கள். கூட்டம் நடத்த, தேர்வு வைக்க, பட்டம் கொடுக்க ஒரு மண்டபம். அரை நூற்றாண்டுக்கு மேல் பல்கலைக்கழகம் அப்படித்தான் இருந்தது.

திருப்பம் வந்தது 1913-இல். அதற்குக் காரணமானவர்களில் ஒருவர் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு குமாஸ்தா.

சீனிவாச ராமானுஜனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனால் இந்தக் கதையில் பல்கலைக்கழகம் இரண்டு முறை வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் முறை அது அவரைத் தோற்கடித்தது. பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, பி.ஏ.வுக்கு முந்தைய எப்.ஏ. தேர்வு எழுதியவர் கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டார். விதிப்படி அவருக்குப் பட்டம் கிடையாது. இரண்டாம் முறை, அதே பல்கலைக்கழகம் அவரை ஆராய்ச்சி மாணவராக எடுத்துக்கொண்டது. அந்த உதவித்தொகைக்கு எம்.ஏ. வேண்டும் என்பது விதி. இவரிடம் பி.ஏ.கூட இல்லை. ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமை என்று அதன் சட்டத்திலேயே இருக்கிறதே என்ற வாதம் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டில் எழுந்தது. முடிவில் மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. நிபந்தனை ஒன்றே ஒன்று: மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். அவர் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். அதற்குள் கேம்பிரிட்ஜ் அழைப்பு வந்து 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். அந்த அறிக்கைகளில் இருந்த ஒரு தேற்றத்தைக் கணித உலகம் இன்றும் அவர் பெயரால் அழைக்கிறது. கேம்பிரிட்ஜில் அவர் தங்குவதற்கான பணத்தில் ஆண்டுக்கு 250 பவுண்டு கொடுத்ததும் சென்னைப் பல்கலைக்கழகம்தான்.

தேர்வு நடத்தும் பல்கலைக்கழகத்துக்கும் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட எளிமையாக என்னால் விளக்க முடியாது. முன்னது "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்கும். பின்னது "நீ என்ன தேடுகிறாய்?" என்று கேட்கும்.

1914 முதல் பல்கலைக்கழகமே பேராசிரியர்களை அமர்த்தத் தொடங்கியது. இந்திய வரலாறும் தொல்லியலும், ஒப்பியல் மொழியியல், இந்தியப் பொருளாதாரம் ஆகியவை முதல் துறைகள். பொருளாதாரத்துக்கு வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர். இந்தியப் பொருளாதாரத்தைப் பற்றிப் புத்தகங்களில் இருப்பது போதாது என்று அவருக்குத் தோன்றியது. மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, "விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்களே, உங்கள் ஊரையே எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாருக்கு யாரிடம் என்று பிள்ளைகள் விசாரித்து எழுதி வந்தார்கள். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம், பாலக்குறிச்சி என்று அந்த ஊர்களின் பெயர்கள் இன்றும் பொருளாதார ஆய்வாளர்களுக்கு அத்துப்படி. 1930-களில் பல்கலைக்கழக ஆசிரியர்களே திரும்பப் போய் மறு ஆய்வு செய்தார்கள். அதற்குப் பிறகும் வேறு வேறு தலைமுறை ஆய்வாளர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரே கிராமத்தை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம் என்றால், அது விடுமுறைக்கு ஊருக்குப் போன ஒரு மாணவர் கையில் இருந்த தாளில் தொடங்கியது.

இப்போது நூலகத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1924-இல் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதனைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமித்தார்கள். சேர்ந்த சில நாளிலேயே அவருக்கு அலுத்துவிட்டது. வாசகர்கள் வருவதில்லை, செய்ய வேலையும் இல்லை. கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன் என்றார். முதலில் லண்டனுக்குப் போய் நூலகக் கல்வி படித்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். போன இடத்தில் மனம் மாறிவிட்டது. திரும்பி வந்து அலமாரிகளைத் திறந்துவிட்டார். அதுவரை நீங்கள் சீட்டு எழுதிக் கொடுத்தால் ஆள் போய்ப் புத்தகத்தை எடுத்து வருவார். இனி வாசகரே அலமாரிக்கு நடுவே போய்ப் புரட்டிப் பார்க்கலாம். கேட்டதைவிட, பக்கத்தில் இருந்த புத்தகம்தான் உண்மையில் வேண்டியது என்ற அனுபவம் நூலகம் போகும் எல்லோருக்கும் உண்டு. அதற்கு வழி விட்டவர் அவர்.

1931-இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு புத்தகத்தை ஒரே பெட்டிக்குள் திணிக்காமல், அது எதைப் பற்றியது, எந்த இடம், எந்தக் காலம் என்று தனித்தனியாகப் பிரித்து, குறியீடுகளைக் கோத்து எண் கொடுக்கும் முறை அது. இன்று இணையக் கடையில் சட்டை வாங்கும்போது நிறம், அளவு, விலை என்று ஒவ்வொன்றாகச் சலித்துப் பார்க்கிறோமே, அந்த யோசனையின் நெருங்கிய உறவு. உலகம் முழுக்க நூலகப் படிப்பு படிப்பவர்கள் அவர் பெயரைத் தாண்டாமல் போக முடியாது.

அப்புறம் நடந்ததுதான் சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. நூலகம் பல்கலைக்கழகச் சுவருக்குள் மட்டும் இருந்தால் போதாது, ஊருக்கு ஊர் வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் போராடினார். 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது. சொத்து வரியோடு சேர்த்து நூலகத்துக்கென்று ஒரு சிறு வரியை வசூலிக்க அது வழி செய்தது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி இருக்கும். சேப்பாக்கத்தில் ஒரு நூலகர் மேசையில் முளைத்த எண்ணம் உங்கள் வீட்டு ரசீதில் ஒரு வரியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கும் நகரத்துக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது அந்த வரியைத்தான்.

நூலகத்துக்கு அடுத்து அகராதி. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பின்னால் ஓர் இணைப்புத் தொகுதியும் சேர்ந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். 1913-இல் ஜே.எஸ். சாண்ட்லர் தொடங்கிய வேலையை 1926-இல் பதிப்பாசிரியரான ச. வையாபுரிப் பிள்ளை நிறைவு செய்தார். ஒரு பதிவை எடுத்துக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சொல், அதன் ஒலிப்பு, தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் அதன் உறவுச் சொற்கள், ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள், எந்த நூலில் எந்தப் பாட்டில் வருகிறது என்ற சான்று. நூல்களில் இல்லாமல் பேச்சில் மட்டும் இருக்கும் சொல்லையும் விடவில்லை. இது யாழ்ப்பாண வழக்கு, இது திருநெல்வேலி வழக்கு, இது நாஞ்சில்நாட்டு வழக்கு என்று சுருக்கக் குறி போட்டுச் சேர்த்திருக்கிறார்கள். லாபம் பார்க்கும் பதிப்பகம் எதுவும் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து இப்படி ஒரு வேலையைச் செய்யாது. பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தால்தான் முடியும்.

இதுவரை சேப்பாக்கம். பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குப் போனால் கதை வேறு மாதிரி.

1952-இல் துணைவேந்தராக இருந்தவர் ஆ. லட்சுமணசாமி முதலியார். மகப்பேறு மருத்துவர். 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தவர். புதிய இயற்பியல் துறைக்குத் தலைமை தாங்க சி.வி. ராமனை அழைத்தார். ராமன், என்னை விடுங்கள், என் மாணவன் ஒருவன் இருக்கிறான் என்று ஜி.என். ராமச்சந்திரனைக் கைகாட்டினார். அப்போது ராமச்சந்திரனுக்கு வயது முப்பதுதான்.

வந்த ஆண்டே, ஊருக்கு வந்திருந்த ஆங்கிலேய விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோல், தசைநார், எலும்பு எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் புரதம் அது. கொலாஜன் எங்கே கிடைக்கும்? சென்னை தோல் வியாபாரத்துக்குப் பேர் போன ஊர். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாறில், கிண்டி வளாகத்துக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கிருந்து மாதிரிகள் வந்தன. கங்காருவின் வால் தசைநாரில் எடுத்த எக்ஸ்ரே படங்கள் தெளிவாக விழுந்தன. 1954-இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று சுருள் இழைகள் சேர்ந்தது என்று நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார்கள். பக்கத்து நிறுவனம் வேறொரு ஊரில் இருந்திருந்தால் இந்த வேலை இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்த வேலையிலிருந்து பிறந்தது இன்னும் பெரியது. புரதம் என்பது மணிமாலை மாதிரி ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இடத்தில் அது திரும்பலாம். கதவு கீலில் திரும்புவதைப் போல, எந்தக் கோணத்துக்கும் திரும்பலாம் என்று தோன்றும். ஆனால் மாலை நேரத்து 29சி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கையை எப்படி வேண்டுமானாலும் நீட்டலாம் என்று உடம்பு அனுமதிக்கும். பக்கத்தில் நிற்பவரின் முழங்கை அனுமதிக்காது. அணுக்களும் அப்படித்தான். இரண்டு அணுக்கள் ஓர் அளவுக்கு மேல் நெருங்க முடியாது. ராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் ஒவ்வொரு கோணத்துக்கும் இந்த இடிபாட்டைக் கணக்கிட்டு, எந்தெந்தக் கோணங்கள் சாத்தியம் என்று ஒரு சதுரத்தில் குறித்தார்கள். சதுரத்தின் பெரும்பகுதி காலி. சில தீவுகளில் மட்டும்தான் புரதம் வாழ முடியும். 1963-இல் வெளியான அந்தப் படத்துக்கு ராமச்சந்திரன் வரைபடம் என்று பெயர். இன்று உலகில் எந்த ஆய்வுக்கூடம் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரிதானா என்று பார்க்க இந்தப் படத்தில் புள்ளி வைத்துப் பார்க்கிறார்கள். உயிர்வேதியியல் படிக்கும் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் இதைப் படிக்கிறார்கள். கிண்டி வளாகத்தைத் தினமும் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

இப்படிப்பட்ட இடத்திலிருந்து விதைகளும் பறக்கும். அழகப்பச் செட்டியாரின் நன்கொடையில் 1944-இல் பல்கலைக்கழகத்தின் துறையாகத் தொடங்கிய ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. இங்கே பேராசிரியராக இருந்த அல்லாடி ராமகிருஷ்ணன் தன் வீட்டில் நடத்திய கருத்தரங்குகள் 1962-இல் கணித அறிவியல் நிறுவனமாக மாறின. மதுரை, கோவை, திருச்சி என்று இன்று தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் இருக்கும் பகுதிகள் ஒரு காலத்தில் இதன் எல்லைக்குள் இருந்தவைதான். அதற்கு முன்பே மைசூர், ஆந்திரா, திருவிதாங்கூர் எல்லாம் பிரிந்து போயிருந்தன.

நிர்வாகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுநர் வேந்தர். அன்றாடத் தலைமை துணைவேந்தர். அலுவலகப் பொறுப்பு பதிவாளர். பெரிய முடிவுகள் சிண்டிகேட்டிலும் செனட்டிலும். பணம் மாநில அரசின் மானியம், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நிதி, இணைவுக் கல்லூரிகளிலிருந்தும் மாணவர்களிடமிருந்தும் வரும் கட்டணம் என்று பல வழிகளில் வருகிறது. 1981-இல் தொடங்கிய தொலைதூரக் கல்வி நிறுவனம், அதாவது நம்முடைய 'கரஸ்', கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்த எத்தனையோ பேருக்குப் பட்டம் கொடுத்தது. பல்கலைக்கழகத்துக்கு வருமானமும் கொடுத்தது.

இந்த ஏற்பாடு இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் ஓராண்டுக்கும் மேல் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. 2024 பிப்ரவரியில் வரி பாக்கிக்காக வருமான வரித் துறை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. தேர்வு நடத்துவதை எப்படியாவது தள்ளிக்கொண்டு போய்விடலாம். தேதி வந்தால் நடந்துதான் ஆக வேண்டும். ஆராய்ச்சி அப்படியல்ல. ஆசிரியர் இடம் காலியானால், வேதிப்பொருள் வாங்கப் பணமில்லை என்றால், அது சத்தமில்லாமல் நின்றுபோகும். யாரும் மறியல் செய்ய மாட்டார்கள். லெக்சிகனுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது, வரைபடத்துக்குப் பதினொரு ஆண்டு ஆனது. பொறுமையாகக் காத்திருக்கப் பணம் கொடுப்பதுதான் பொதுப் பல்கலைக்கழகத்தின் அடிப்படையே. அதை மிச்சம் பிடித்தால் கையில் மிஞ்சுவது 1857-இன் தேர்வு அலுவலகம் மட்டும்தான் என்பது என் கவலை.

ஒருநாள் நேரம் கிடைத்தால் சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி, வாலாஜா சாலை வழியே கடற்கரையைப் பார்த்து நடந்து போங்கள். இடது பக்கம் வருவது பல்கலைக்கழக வளாகம், மூலையில் செனட் ஹவுஸ். அந்தப் பக்கம் கூவம் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும். போக முடியாதவர்கள் வீட்டிலிருந்தே ஒன்று செய்யலாம். தமிழ் லெக்சிகன் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் பாட்டி சொல்லி, அப்புறம் வேறு யார் வாயிலும் கேட்காத ஒரு சொல் இருக்கும் இல்லையா? அதைத் தேடிப் பாருங்கள். ஊர்க் குறியோடு இருந்தாலும் இருக்கும்.